கறிக்கடை பையனுக்கு தொழில் கற்றுக்கொடுப்பது யார்? 100 கோழிக்கு 5 கிலோ கறி வீணாகும் கதை

பெரம்பலூர்,

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் விளையும் மக்காச்சோளம் நாமக்கல், பல்லடம் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. அதைத் தின்று வளர்ந்த கோழி, கூண்டு வண்டி ஏறி நம்ம ஊர் கறிக்கடைக்கே திரும்பி வருகிறது. நடுவில் அதைக் கையாளும் ஆட்களுக்கு தொழிலைக் கற்றுக்கொடுத்தது யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை. கூண்டு இறக்க வந்த பையன், ஒருநாள் மாஸ்டர் வராவிட்டால் கத்தியைப் பிடிக்கிறான். அவ்வளவுதான் பயிற்சி. கையில் வெட்டு விழுந்த பிறகுதான், மழுங்கிய கத்திதான் அதிகம் வழுக்கும் என்பதே தெரிகிறது.

ராத்திரியில் பிடிப்பது ஏன்?

பண்ணையில் கோழி ஏற்றுவதே தனி வேலை. வெளிச்சத்தில் பிடித்தால் மிரண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி செத்துப்போகும். அதனால்தான் ராத்திரி வேலை. காலைப் பிடித்து கூண்டுக்குள் வீசினால் எலும்பு முறிந்து கறியில் ரத்தம் கட்டிவிடும். அறுப்பதற்கு சுமார் 8 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்த வேண்டும். இரைப்பை நிறைய தீனி இருந்தால், வெட்டும்போது கிழிந்து கறி அசுத்தமாகும்.

பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை உயிர்க்கோழிக்குத்தான். 2 கிலோ கோழியை தோல் உரித்து சுத்தம் செய்தால் 1.3 கிலோ அளவுக்கே கறி தேறும். கை பழகாத ஆள் அதிலும் 50 கிராமை கழிவோடு தள்ளினால், 100 கோழிக்கு 5 கிலோ போச்சு. பயிற்சி என்றால் வீண்செலவு என்று சொல்லும் முதலாளிகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டின் உணவு பாதுகாப்பு சட்டம் 2011-ல் நடைமுறைக்கு வந்தது. உணவைக் கையாளும் தொழிலாளிக்கு வருடம் ஒருமுறை மருத்துவ பரிசோதனை வேண்டும். 2017-ல் 'பாஸ்டாக்' என்ற பயிற்சித் திட்டம் வந்தது. லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களில் 25 தொழிலாளிக்கு ஒருவராவது இந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ரெண்டு, மூணு பேர் வேலை பார்க்கும் தெருமுனைக் கடைக்கு இதெல்லாம் எட்டுவதே இல்லை.

பெரம்பலூரிலேயே கால்நடை பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் அங்கே ஆடு, கோழி வளர்ப்புக்குத்தான் முக்கியத்துவம். இறைச்சித் தொழிலுக்கென்றே உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஐதராபாத்தில். தினக்கூலி பையன் அவ்வளவு தூரம் போவானா?

புரட்டாசியில் கறி வியாபாரம் படுத்துவிடும். ஆளைக் குறைப்பார்கள். தீபாவளி நெருங்கியதும் அதே ஆளைத் தேடி அலைவார்கள். அந்த ஒரு மாதம் பாதிக் கூலியாவது கொடுத்து நிறுத்தி வைத்தால், கத்தி தீட்டுவது, வெட்டுக்கட்டையை உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்ப்பது, கறியை 4 டிகிரிக்குள் வைப்பது எல்லாம் பழகிவிடும். தீபாவளி அன்று காலை 4 மணிக்கு கடை திறக்கும்போது தொழில் தெரிந்த ஆள் உள்ளே நிற்பான்.