பாலிமர்ச் சங்கிலிக்கு ஒரு கடிவாளம்

நாள்தோறும் கையாளும் பிளாஸ்டிக் பொருள்கள், சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பெற்று உண்டானவை. ஸ்டைரீன் என்னும் திரவம் இவ்வாறு நீண்ட சங்கிலியாகும்போது பாலிஸ்டைரீன் என்னும் திண்பொருள் கிடைக்கின்றது. சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தே பொருளின் உறுதியும், உருகி ஓடும் இயல்பும் அமைகின்றன. அந்நீளத்தை விரும்பியவாறு அமைப்பது எவ்வாறு என்பது விஞ்ஞானிகளை நெடுங்காலம் வாட்டிய வினா.

சங்கிலியை வளர்ப்பது தனி உறுப்பு. அதாவது, இணையற்ற ஓர் எலெக்ட்ரானைத் தாங்கிய அணுத்தொகுதி. அது ஒரு ஸ்டைரீன் மூலக்கூறுடன் சேர்ந்ததும், இணையற்ற எலெக்ட்ரான் புதிய நுனிக்கு மாறுகின்றது. அந்நுனி அடுத்த மூலக்கூறைப் பற்றுகின்றது. ஆனால், வளரும் இரு நுனிகள் எதிர்ப்படின், அவை தம்முள் இணைந்து வளர்ச்சி அற்றுப்போகின்றன. ஒரு சங்கிலி முடியும்போது மற்றொன்று தொடங்குவதால், குட்டையும் நெட்டையும் கலந்த கூட்டமே கிட்டுகின்றது.

1956-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் என்பார், எதிர்மின் அயனிகளைக் கொண்டு, முடிவுறாச் சங்கிலிகளை வளர்த்துக் காட்டினார். ஆயின், அம்முறையில் ஈரமும் காற்றும் சிறிதும் புகலாகாது. தனி உறுப்பு முறையோ நீரைப் பொருட்படுத்துவதில்லை; ஆலைகளுக்கு உகந்தது. ஆகவே, தனி உறுப்பையே அடக்கும் வழி தேவையாயிற்று.

அதற்குக் கைகொடுத்ததும் ஒரு தனி உறுப்பே. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இணைந்த பகுதியில் இணையற்ற எலெக்ட்ரானைக் கொண்டவை நைட்ராக்ஸைடுகள். இவற்றுள் 'டெம்போ' என்பது 1960-ல் சோவியத் நாட்டில் தயாரிக்கப்பெற்றது. அந்த எலெக்ட்ரான் இரு அணுக்களிடையே பகிர்ந்திருப்பதாலும், நான்கு மீதைல் தொகுதிகள் அரண்போல் சூழ்வதாலும், டெம்போவைப் புட்டியில் இட்டு வைக்கலாம்.

ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் டேவிட் சாலமன், எசியோ ரிஸார்டோ ஆகியோர், நைட்ராக்ஸைடை முதலில் ஒரு பொறியாகவே பயன்படுத்தினர். தோன்றிய தனி உறுப்பை உடனே பிடித்து, வினை தொடங்கும் விதத்தை ஆராய்வதே நோக்கம். உஷ்ணநிலை உயர்ந்தால் பிடிபட்டது விடுபடும். பொறிக்குக் குறையெனத்தக்க இத்தன்மையே கருவியாயிற்று. நைட்ராக்ஸைடு நுனியை மூடியிருக்கையில் சங்கிலி உறங்குகின்றது; வெப்பத்தால் பிணைப்பு அவிழ்ந்ததும் சிறிது வளர்ந்து, மீண்டும் மூடப்படுகின்றது. எக்கணத்திலும் விழித்திருப்பவை மிகச் சிலவாதலின், இரு நுனிகள் எதிர்ப்படுவது அரிதாகின்றது; சங்கிலிகள் ஏறக்குறைய ஒருசேர வளர்கின்றன. 1986-ல் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது.

1993-ல் கனடாவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், மைக்கேல் ஜார்ஜஸ் குழுவினர் ஸ்டைரீனை டெம்போவுடனும் பென்ஸாயில் பெராக்ஸைடுடனும் சேர்த்துச் சுமார் 123 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினர். நீள வேறுபாட்டைக் காட்டும் பரவல் எண், எல்லாச் சங்கிலிகளும் சமமாயின் 1 ஆகும். பழைய முறையில் அது 1.5-க்குக் குறையாது என்பது கொள்கை. அவர்கள் பெற்றதோ 1.3-க்கும் குறைவு.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. டெம்போ பெரிதும் ஸ்டைரீன் வகைக்கே ஏற்றது. வினை முடியப் பல மணி நேரம் ஆகும். அக்ரிலேட்டு வகைகளுக்கென 1990-களின் பிற்பகுதியில் வேறு நைட்ராக்ஸைடுகள் ஆக்கப்பெற்றன. மெதாக்ரிலேட்டுகள் எளிதில் பணிவதில்லை. எனினும், நுனி உறங்குகிறதேயன்றி இறப்பதில்லை. ஆகவே, ஒரு பொருளின் சங்கிலியோடு மற்றொரு பொருளின் சங்கிலியைத் தொடர்ந்து கோத்து, இரண்டின் குணங்களையும் ஒரே மூலக்கூறில் சேர்க்க இயலும்.

விரைந்தோடும் வினையை முற்றும் நிறுத்தினால் பயனில்லை. அவ்வப்போது பிடித்து அவ்வப்போது விடுவதே அதனை ஆளும் முறை என்பதை நைட்ராக்ஸைடு உணர்த்துகின்றது.