சரக்கு வைத்த கடையும் சந்தை நடத்தியவரும்

அமெரிக்காவில் 1995-ல் இணையம் வழியே வியாபாரம் தொடங்கிய இரண்டு கம்பெனிகள் அமேசானும் ஈபேயும். அவற்றின் பங்கை வாங்கியவங்க நிலைமை என்னாச்சு என்று பார்ப்போம்.

ஈபே சரக்கே வாங்கவில்லை. வாரச்சந்தையை ஏலம் எடுத்தவர் கடைக்குக் கடை சுங்கம் வசூலிப்பாரே, அதே மாதிரிதான். விற்பவர் யாரோ, வாங்குபவர் யாரோ. கட்டணம் மட்டும் ஈபேக்கு. தேங்கிய சரக்கு என்ற தலைவலி இல்லாததால் சீக்கிரமே லாபம் பார்த்தது.

அமேசான் புத்தகம் விற்று, கிடங்கு கட்டி, விலையைக் குறைத்து, பல வருஷம் நஷ்டத்திலேயே ஓடியது. முதல் காலாண்டு லாபம் 2001 கடைசியில்தான். 1999-ல் 100 டாலரைத் தாண்டிய பங்கு 2001-ல் 6 டாலருக்கும் கீழே போச்சு. உச்சத்தில் வாங்கிப் பயந்து விற்றவங்களுக்குப் பெரிய அடி.

அப்போ, நஷ்டத்தில் ஓடினால் பின்னால் லாபம் வந்துடுமா? வெப்வானைப் பாருங்க. மளிகையை வீட்டுக்கே கொண்டுவந்த கம்பெனி. முதல் கிடங்கு லாபம் தரும் முன்பே ஊர் ஊராகக் கிடங்கு கட்டினாங்க. 2001 ஜூலையில் மூடியாச்சு. பங்குப் பணம் போயே போச்சு.

அமேசானுக்கு இரண்டு விஷயம் கைகொடுத்தது. வாடிக்கையாளர் பணம் உடனே வரும். சரக்கு கொடுத்தவருக்குப் பல வாரம் கழித்துத்தான் பட்டுவாடா. தவிர, பங்குச்சந்தை சரியும் முன்பே, 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன் திரட்டியிருந்தது. இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டுன்னு நமக்குத் தோணுது.

அதே 2000-ல் அமேசானும் வெளி வியாபாரிகளை உள்ளே விட்டுச் சுங்கம் வாங்க ஆரம்பித்தது. இன்று அங்கே விற்கும் பொருட்களில் பாதிக்கு மேல் அவங்களுடையதுதான்.