ஆளில்லா மைதானத்தில் பந்தாட்டம்

2020-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி ஜெர்மனியில் கால்பந்துப் பந்தயங்கள் மீண்டும் தொடங்கின. 80,000 பேருக்கு மேல் கூடக்கூடிய டார்ட்மண்ட் மைதானத்தில் அன்று ஒரு ரஸிகரும் இல்லை. கொரோனாக் கொள்ளை நோயினிடையே இவ்வாட்டம் அவசியந்தானா என்று வினவியவர்களுக்கு, டெலிவிஷன் பணம் வராவிடில் சங்கங்கள் முழுகிப்போகுமென்று விடை கூறப்பட்டது. அது பொய்யன்று, மைதானத்தைப் பெருக்கும் கூலியாளின் ஜீவனமும் அப்பணத்தைச் சார்ந்ததே. ஆயினும் பிரான்ஸ் தேசத்தார் அவ்வருஷத்துப் பந்தயங்களை அத்துடன் முடித்துவிட்டனர். ஹாலந்திலோ வென்றவர் இன்னாரென்றே அறிவிக்கவில்லை.

ஜனங்களை உள்ளே விடாததால் அபாயம் தீர்ந்ததென்பது சரியன்று. ஆடுவோரும் மனிதர்களே. ஜெர்மனியின் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த டிரெஸ்டன் குழுவில் நோய் காணவே, குழு முழுவதும் 14 நாள் தனித்திருக்க நேர்ந்தது.

இங்கிலாந்தில் வாட்போர்டு சங்கத்துத் தலைவர் ட்ராய் டீனி, தம் கைக்குழந்தைக்குச் சுவாச உபாதை இருப்பதால் பயிற்சிக்கு வரமாட்டேனென்றார். அந்தக் குழந்தையைக் குறித்தே இழிசொல் பேசியவர்களும் இருந்தார்கள்! பெருஞ்சம்பளம் வாங்குகிறவனுக்கு அச்சம் ஏன் என்பது என்ன நியாயம்? ஆலைத் தொழிலாளி இவ்வாறு மறுத்தால் அவன் பக்கம் நிற்கும் நாம், பந்தாடுகிறவன் மறுத்தால் மட்டும் முகஞ்சுளிக்கலாமா? வரமறுப்பவனுக்குச் சம்பள நஷ்டமோ இடநஷ்டமோ இல்லையென்று முதலில் உறுதி கூறியிருந்தால், பந்தயங்களைத் தொடங்குவதை நாம் ஆக்ஷேபித்திரோம். டீனி நிபுணர்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே திரும்பினார். ஜூன் 17-ந் தேதி அங்கும் பந்து உருண்டது.