பரணியிற் கூளிச் சமுதாயம்

கலிங்கத்துப் பரணியைப் பயில்வோருட் பலர் கடைதிறப்பையும் போர் பாடியதையும் சுவைத்துப் போற்றுவர். பேய்களைப் பற்றிய பகுதிகளை அருவருப்புச் சுவைக்கென அமைந்த வெறும் புனைவு எனக் கொண்டு விரைந்து கடந்து செல்வர். நூலின் உறுப்புகளை எண்ணிப் பார்ப்பின் இம்மனப்பாங்கு பொருந்தாமை விளங்கும். காடு, கோயில், தேவி, பேய்கள், இந்திரசாலம், பேய் முறைப்பாடு, களம் என்னும் பகுதிகள் யாவும் கூளியர் உலகைச் சார்ந்தவை. சோழர் மரபு வரலாற்றைக் காளிக்கு ஓதுவதும் ஒரு பேய். கலிங்கப் போர்ச் செய்தியை அவளுக்குக் கொணர்வதும் ஒரு கூளி. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனையும் அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானையும் பாட வந்த சயங்கொண்டார், அவர்தம் புகழைக் கற்பனையுலகமொன்றின் மாந்தர் வாயிலாகவே நம் செவிக்கு எட்டச் செய்கின்றார். ஆகலின் அவ்வுலகின் அமைப்பை ஆராய்தல் வேண்டப்படுவதாம்.

போர்க்களத்திற் பேய் தோன்றுதல் பழைய மரபே. திருமுருகாற்றுப்படையிற் பேய்மகள் துணங்கை ஆடுகின்றாள். மதுரைக்காஞ்சியில் தலைகளை அடுப்பாக்கிக் களவேள்வி நிகழ்கின்றது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலோ பேய்க்கு இல்வாழ்க்கையே அமைந்துவிடுகின்றது. கொள்ளிக் கரியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுவதும், குழவிக்குப் பாலூட்டிப் புழுதி துடைத்துக் காளி எனப் பெயரிடுவதும், அத்தாய் சென்று மீளாமையின் குழவி அழுதழுது உறங்கிப் போவதும் ஆங்குக் காணப்படும். எனினும் அம்மையார் காட்டுவது காட்டகத்துத் தனிக் குடும்பம். அரசும் அவையும் முறையும் தண்டமும் உடைய சமுதாயமாகப் பேய்களை விரித்துக் காட்டியது பரணியே எனலாம்.

இச்சமுதாயத்தின் அடிப்படை பசி. பேய்கள் உழுவதில்லை, வேட்டமும் ஆடுவதில்லை. போர் ஒன்றே அவற்றின் விளைச்சல். போர் நிகழாத காலம் அவற்றுக்கு வற்கடம். பிலத்தையொத்த வாயும், பனையையொத்த கைகால்களும், உள்ளீடற்ற வயிறும் இவ்வற்கடத்தின் அடையாளங்கள். நெடிய மூங்கிலைக் காணும் பேய்க்குழவி அதனை அன்னையென்று கருதி ஆடும் என்பர் புலவர். நகை விளைக்கும் உவமைதான். ஆயின் தாய் எத்துணை மெலிந்திருப்பின் குழவிக்கு அம்மயக்கம் நேரும் என்று எண்ணுமிடத்து நகை நிற்பதில்லை.

அரசியல் நிலையை நோக்குவோம். காளி அரசி, யோகினியர் சூழப் பிணமெத்தையின்மேல் வீற்றிருக்கின்றாள். குடிகளாகிய பேய்கள் பசியுற்றபோது கலகம் செய்வதில்லை. அவைக்கண் நின்று முறையிடுகின்றன. உறுப்பின் பெயரே முறைப்பாடு என்பது கருதத்தக்கது. சோழர் அவையில் குடிகள் தம் குறையை எடுத்துரைத்த வழக்கை அறிந்த புலவர் அச்சொல்லையே ஈண்டும் வழங்குகின்றார். இவ்வரசில் தண்டமும் பொறையும் உள. தேவியின் சினத்திற்கு அஞ்சி இமயத்தில் ஒளித்திருந்த முதுபேய் மீண்டு வந்து பிழை பொறுக்க வேண்டுகின்றது, காளியும் பொறுக்கின்றாள். இப்பேய் அங்கு வாளா இருக்கவில்லை. உருத்திர யோகினியிடம் இந்திரசாலம் பயின்றது; இமயத்தின்மேற் கரிகாலன் பொறித்து வைத்த சோழர் குடி வரலாற்றையும் படித்தறிந்தது. கூளியருலகின் கற்றறிந்தார் இவரே! அது காட்டிய மாயக் களத்தில் குருதியை அள்ள முயன்று வெறுங்கையராய், வெறுவாயை மென்று, பேய்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து எய்த்தன; வித்தையை நிறுத்துமாறு முறையிட்டன. பசித்தவர் முன் உணவின் தோற்றத்தை மட்டும் காட்டுதல் கொடுமை என்பதைப் புலவர் எடுத்துரைக்கவில்லை; நிகழ்ச்சியே அதனை உணர்த்துகின்றது.

பேய்களின் உடற்குறைகளைக் கூறுமிடம் தனியே ஆராய்தற்குரியது. பிறவிக் குறையென அவற்றைப் புலவர் விட்டுவிடவில்லை. சக்கரக்கோட்டத்துப் போரில் அட்ட குருதிக்கூழ் தெறித்து ஒரு பேயின் கண் குருடாயிற்று. வேறொரு களத்துச் சுடுகூழை ஆற்றாது பருகியதனால் மற்றொன்று நா வெந்து ஊமையாயிற்று. சோழரின் முன்னைப் போர்கள் மெய்க்கீர்த்திகளிற் கல்மேல் எழுதப்பட்டன; பரணியிலோ பேய்களின் உடம்பின்மேல் எழுதப்பட்டுள்ளன. கல்வெட்டுக் கூறும் வெற்றியையே இவையும் கூறுகின்றன. ஆயின் வடுவாகக் கூறுகின்றன. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப் பரணியிலும் பேய்கள் உள. அங்குப் பாடுபொருள் புராணப் போராதலின் வரலாற்றைப் பேயின் உடம்பிற் பொறிக்கும் இவ்வமைதிக்கு ஆங்கு அத்துணை இடமில்லை.

களம் பாடியதில் கூழ் அடும் முறை முழுதும் தமிழரின் அடுக்களையே. கலிங்கரின் பற்கள் அரிசி, முரசம் உரல், யானைக் கோடு உலக்கை. குற்றுங்கால் வள்ளைப்பாட்டும் உண்டு. அப்பாட்டிற் சோழன் புகழப்படுகின்றான். உண்டபின் தாம்பூலமும் தவறவில்லை: குதிரைச் செவி வெற்றிலையாக, அதன் காற்பரடு பாக்காக, கலிங்கரின் கண்மணி சுண்ணாம்பாக அமைகின்றன. பண்டம் ஒவ்வொன்றும் மாறிற்று. வழக்கம் ஒன்றும் மாறவில்லை. நாகரிகம் என நாம் கருதும் ஒழுங்கு எத்தகைய பண்டத்தின்மேலும் நடைபெறக்கூடும் என்பதே இப்பகுதியின் அச்சந்தரும் உண்மை.

பந்தியிற் சமுதாயத்தின் வேறுபாடுகள் வெளிப்படுகின்றன. உயிர்க்கொலை நீத்து ஒருபொழுதே உண்ணும் சமணப்பேய்க்குக் கூழை மயிரின்றி வடித்து வார்க்கவேண்டும். தோலை முழுதும் போர்த்த புத்தப்பேய்க்கு மூளைக்கஞ்சி வார்க்கவேண்டும். பார்ப்பனப் பேயும் உண்டு. கள்ளப்பேய் கலத்தை ஒளித்துவிட, அதனைத் தடவிக் காணாது அரற்றும் குருட்டுப் பேய்க்குக் கையிலேயே வார்க்குமாறு ஏவப்படுகின்றது; கையாற் குறிப்புரைக்கும் ஊமைப்பேயும் மறக்கப்படவில்லை. தன் கணவன் குடியான் எனக் கூறி அவன் பங்கையும் தானே பருகும் பேயும் அப்பந்தியில் அமர்ந்திருக்கின்றது. பிற சமயத்தாரைப் புலவர் எள்ளுகின்றார் என்பதை மறுத்தல் இயலாது. கொல்லா நோன்பினர் களத்துக் கூழை வடித்து உண்பர் என்பது கூரிய வசையே. அதனை வெறும் நகைச்சுவை எனத் தணித்துக் கூறுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. எனினும் எள்ளப்பட்டவரும் பந்தியினின்று விலக்கப்படவில்லை. நோன்புக்கேற்பவும் குறைக்கேற்பவும் ஒவ்வொருவர்க்கும் பங்கு வகுக்கப்படுகின்றது.

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்திற் காப்ளின் எனப்படும் குறும்பேய்களை ஈண்டு ஒருவாறு ஒப்பிடலாம். ஜார்ஜ் மக்டொனால்டு 1872இல் வெளியிட்ட கதையில் அவை முன்னொரு காலத்தில் நிலத்தின்மேல் மாந்தர்போல் வாழ்ந்தவை. அரசன் கடுமைக்கு ஆற்றாது நிலத்தடியிற் புகுந்தவை என்று கூறப்படுகின்றது. அவற்றுக்கும் அரசும் அவையும் உண்டு. ஆயின் மேலுலகத்தார்மீது தீராப் பகையும் உண்டு. பாட்டொலி கேட்பின் அவை வெருண்டோடும். பரணிப் பேய்களோ பாடுகின்றன. மாந்தர்மேற் பகை கொள்வதுமில்லை. மாந்தர் தமக்குள் பகைத்தலே அவற்றுக்குப் போதுமானதாக உள்ளது.

இதுபற்றிப் பரணியைப் போரை வெறுக்கும் மறைமுக நூல் எனக் கூறத் துணிவாரும் உளராகலாம். அது மிகைபடக் கூறலாம். உண்டு களித்த பேய்கள் குலோத்துங்கனை வாழ்த்தியே நூலை முடிக்கின்றன. அவ்வாழ்த்திற் கரவு ஏதும் இல்லை. ஆயின் புகழ்பாட வந்த புலவர், போரின் பயனை முதற்கண் நுகர்வோர் யாவர் என்பதை மறைக்கவில்லை என்ற அளவில் நாம் துணிந்து கூறலாம்.

பந்தியில் இரு பேய்களுக்குத் தனி மதிப்பு உண்டு. வரவிருக்கும் போரைக் கணித்துக் கூறிய கணிதப்பேய் ஒன்று. இரவிற் கண்ட கனவை உரைத்த பேய் மற்றொன்று. இவற்றுட் கனாக் கண்ட பேய்க்கு இன்றைக்கேயன்றி நாளைக்கும் ஆகுமாறு, குதிரைத் தோற்பையிற் கூழைப் பொதிந்து வைக்கின்றனர்.