வலிக்கிறது என்று சொல்லுங்கள்

"காலையில் ஆபரேஷன். ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது." இதைக் கேட்டுவிட்டுப் படுத்தவர், முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டதால் மறுநாள் மதியம் இரண்டு மணிவரை நாக்கு வறண்டு கிடப்பார். பெரும்பாலான பெரியவர்களுக்கு, மயக்க மருந்துக்கு முன் லேசான உணவுக்கு 6 மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி போதும் என்பதே மயக்கவியல் வழிகாட்டுதல். சர்க்கரை நோயாளிக்கு நீண்ட பட்டினி ஆபத்து. நீங்களாக எதையும் குடித்துவிடாதீர்கள். ஆனால், "சிஸ்டர், என் முறை எப்போது? அதுவரை தண்ணீர் குடிக்கலாமா, டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் தவறே இல்லை.

அறுவை சிகிச்சை என்றதும் நமக்கு சர்ஜன் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அவரோடு நாம் இருப்பது சில மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகலும் இரவும் செவிலியர் கையில். அந்த நேரத்தில் கிடைக்கும் கவனிப்பைப் பலர் 'நல்ல மனசு' என்று நினைக்கிறார்கள். அது சிகிச்சையின் பகுதி, நமக்கு வந்துசேர வேண்டியது.

ஒப்புதல் படிவத்தை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். அது சும்மா அல்ல. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட டெல்லிப் பெண் ஒருவருக்கு, மயக்கத்தில் இருந்தபோதே தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்பதை உங்கள் மொழியில் கேட்டுத் தெரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தியேட்டர் வாசலில் உங்கள் பெயர், எந்தப் பக்கம் ஆபரேஷன், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று மறுபடி மறுபடி கேட்டால் எரிச்சல்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தந்த பாதுகாப்புப் பட்டியல் அது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. யாருமே கேட்காவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் வலி. "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கோ" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். வலியோடு இருப்பவரால் ஆழமாக மூச்சிழுக்கவோ இருமவோ முடியாது; சளி தேங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காவிட்டால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். அதனால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை என்று எண்ணால் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகும் குறையவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள். அந்தரங்கமும் அப்படித்தான், வாய்விட்டுக் கேளுங்கள்: கட்டு மாற்றும்போதும் யூரின் டியூப் போடும்போதும் திரை இழுக்கச் சொல்லலாம். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும்போது கருத்துப் படிவம் வரும். பில் பாக்கி, தையல் பிரிக்க மறுபடி வர வேண்டும். யார்தான் குறை எழுதுவார்கள்? எல்லாவற்றிலும் 'நன்று' என்று டிக் அடித்துவிட்டு, ஆட்டோவில் ஏறியதும் புலம்புகிறோம். படிவம் கேட்க வேண்டியது வேறு: கூப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தார்கள்? வீட்டில் என்ன அறிகுறி தெரிந்தால் திரும்பி வர வேண்டும் என்று சொன்னார்களா?

ஒன்றை மறக்கக் கூடாது: செவிலியருக்கும் குறைகள் உண்டு. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்ட ஒப்பந்த செவிலியர்கள் கேட்டது பணி நிரந்தரமும் நியாயமான ஊதியமும். ஒரு செவிலியர் தலையில் ஒரு வார்டையே கட்டிவிட்டு, முகம் சுளித்தார் என்று அவர்மீது மட்டும் பாய்வது நியாயமில்லை. புகார் நிர்வாகத்தின்மீது இருக்கட்டும். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. குழந்தைக்குத் தவறாகப் போடப்பட்ட ஊசி தொடர்பான 1998 தீர்ப்பில், செவிலியரின் பிழைக்கு மருத்துவமனையே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம்; பெற்றோரும் நுகர்வோரே என்றது.

கட்டணம் செலுத்தியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும்கூட, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 எண்ணை அழையுங்கள். முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நிலைய மருத்துவ அலுவலரிடமோ டீனிடமோ எழுதிக் கொடுங்கள், 104 எண்ணில் சொல்லுங்கள், ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்தையும் அணுகலாம்.

எந்த வழியில் போனாலும் கேஸ் ஷீட் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002 முதல் விதி. எழுத்தில் கேளுங்கள், தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.