கீமோ பக்கவிளைவு... பொறுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லிவிடுங்கள்!

'பக்கவிளைவைச் சொன்னால் டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார், கட்டி வளர்ந்துவிடும்.' இந்தப் பயத்தில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் மறைக்கும் நோயாளிகள் உண்டு. அந்தப் பயம் எந்த அளவுக்குச் சரி?

உணவுக்குழாய், இரைப்பை, குடலில் வந்த புற்றுநோய் முற்றிப் பரவிவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு கீமோதெரபியின் நோக்கமே நோயைக் கட்டுப்படுத்தி, இருக்கும் நாள்களை நன்றாக வாழவைப்பதுதான்.

குறைந்த டோஸ் போதுமா?

பிரிட்டனில், முற்றிய உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் கொண்ட வயதான, உடல் தளர்ந்த 514 பேரிடம் 'ஜிஓ2' என்ற ஆய்வு நடந்தது. முழு அளவு, 80 சதவிகிதம், 60 சதவிகிதம் என மூன்று விதமாக மருந்து கொடுத்தார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, 60 சதவிகிதம் பெற்றவர்களுக்கும் நோய் கட்டுப்பாடு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் குறைந்தன.

இது எல்லோருக்கும் பொருந்தாது. குணப்படுத்தும் நோக்கில் தரப்படும் கீமோவின் கணக்கு வேறு. அளவை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

கை எரிச்சலுக்கு ஜெல்

கேப்சிடபைன் மாத்திரையால் சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து, எரிந்து, தோல் உரியும். டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளிடம் நடந்து, 2024-ல் வெளியான ஆய்வில், மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கைகளில் தினமும் இருமுறை தடவினார்கள். மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவிகிதம் பேருக்கு பாதிப்பு அதிகமாக இருந்தது. டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் அது 3.8 சதவிகிதம்தான். உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஜில் வேண்டாம்

ஆக்ஸாலிப்ளாட்டின் ஏற்றிய சில நாள்களுக்கு ஃப்ரிட்ஜில் கை வைத்தாலே விரல்கள் மரத்துப்போகலாம். ஐஸ் வாட்டர் குடித்தால் தொண்டை இறுகுவதுபோல இருக்கலாம். வெதுவெதுப்பான நீரே நல்லது. அடுத்த கீமோ வரை மரமரப்பு நீடித்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மருந்தை மட்டும் நிறுத்திவைத்து, மற்றவற்றைத் தொடரவும் வழி உண்டு.

உடனே அழையுங்கள்!

* காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

* கேப்சிடபைன் எடுப்பவருக்கு வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

* வாயில் புண் வந்து சாப்பிட முடியாவிட்டாலும், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும் தாமதிக்கக் கூடாது.

எத்தனை முறை வாந்தி, எவ்வளவு காய்ச்சல் என்று வீட்டில் ஒருவர் தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். டோஸைச் சரிசெய்ய டாக்டருக்கு உதவப்போவது அந்த நோட்டுதான்.