ஃப்ரீலான்ஸ் வேலை... உங்களுக்கு செட் ஆகுமா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கல்யாண சமையல் கான்ட்ராக்டருக்கு வேலை குறைந்துவிடும். மார்கழியிலும் அப்படித்தான். நாகஸ்வரக் கலைஞர், மேடை அலங்காரம் செய்பவர், வீடியோகிராபர் என முகூர்த்தத்தை நம்பியிருக்கும் எல்லோருக்கும் இதே நிலைதான். ஆனாலும் அவர்கள் தொழிலை விட்டுவிடுவதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வரும் பணத்தில், வேலையில்லாத மாதங்களுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அட்வான்ஸ் கைக்கு வராமல் டைரியில் தேதியை எழுதுவதில்லை. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் வந்தால், ஒன்றை நம்பிக்கையான இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இவர்களை நாம் யாரும் 'ஃப்ரீலான்ஸர்' என்று சொல்வதில்லை. லேப்டாப் வைத்துக்கொண்டு டிசைனிங், மொழிபெயர்ப்பு, கோடிங், வீடியோ எடிட்டிங், கன்டென்ட் ரைட்டிங் செய்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஆனால், இரண்டும் ஒரே தொழில் முறைதான். சமையல் கான்ட்ராக்டருக்குத் தெரிந்த அந்த மூன்று விஷயங்களும் தெரியாமல் வேலையை விட்டு வருபவர்கள்தான், ஆறே மாதத்தில் மறுபடியும் ரெஸ்யூமை தூசு தட்டுகிறார்கள்.

அந்தச் சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 1819-ல் வெளியான சர் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில், கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரர்களைக் குறிக்க 'ஃப்ரீ லான்ஸ்' என்ற சொல் வருகிறது. 'லான்ஸ்' என்றால் ஈட்டி. யாருக்காகப் போரிடுவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். ஆனால், குதிரைக்குத் தீனியையும் அவர்களேதான் வாங்க வேண்டும். ஃப்ரீலான்ஸில் இறங்கும் முன் யோசிக்க வேண்டியது அந்தத் தீனிச் செலவைத்தான்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன கேட்பது?

புதிதாக வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கைக்கு மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். வகுத்தால் மணிக்கு சுமார் 192 ரூபாய். 'சரி, 200 ரூபாய் கேட்டால் போதும்' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

இப்போது வேறு விதமாகக் கணக்கிடுவோம். அதே 40,000 கைக்கு வேண்டும். அதோடு, பி.எஃப்-க்கு பதிலாக ஓய்வுக்கால சேமிப்பு 5,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 2,000, இன்டர்நெட், கரன்ட், லேப்டாப் தேய்மானத்துக்கு 3,000. ஆக மாதம் 50,000. வருடத்துக்கு 6 லட்சம்.

வருடத்தின் 365 நாள்களில் சனி, ஞாயிறு 104 போக, பண்டிகை, காய்ச்சல், உறவினர் வீட்டு விசேஷம் என்று இன்னும் 26 நாள் போனால் மிச்சம் 235. நாள் முழுக்க உட்கார்ந்தாலும், காசாகும் வேலை 5 மணி நேரம்தான் இருக்கும். வாடிக்கையாளர் தேடுவது, மெயில், கொட்டேஷன், பில் போடுவது, 'சார், பேமென்ட் என்னாச்சு?' என்று கேட்பது எல்லாம் சம்பளமில்லாத வேலை. 235 நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 1,175 மணி நேரம். 6 லட்சத்தை இதால் வகுத்தால் மணிக்கு சுமார் 510 ரூபாய்!

மணிக்கு 192 ரூபாய் என்று பேசி முடித்திருந்தால், இதே 1,175 மணி நேரத்துக்கு மாதம் 18,800 ரூபாய்தான் வந்திருக்கும். சேமிப்பும் செலவும் அதிலேயே அடங்க வேண்டும். திறமை இருந்தும் தோற்றுப்போகிறவர்கள் பலர் தோற்பது இந்த வகுத்தல் கணக்கில்தான். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த மணிக்கூலியை உங்கள் துறையில் யாராவது தருகிறார்களா என்று விசாரியுங்கள். ஃபைவர் போன்ற தளங்கள் மூலம் வேலை எடுப்பதாக இருந்தால், அவர்களின் கமிஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைவர் 20% எடுத்துக்கொள்கிறது.

பணம் வரும்... எப்போது?

ஜனவரியில் வேலையை முடிக்கிறீர்கள். பிப்ரவரி முதல் வாரம் பில் அனுப்புகிறீர்கள். 45 நாள் கழித்துப் பணம் என்றால், மார்ச் மூன்றாவது வாரம்தான் கைக்கு வரும். நடுவில் இரண்டு மாத வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பால் காசு எல்லாம் நிற்காது. அதனால்தான் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாமல் வேலையை விடாதீர்கள் என்கிறோம்.

அட்வான்ஸ் கேட்கத் தயங்கவே கூடாது. பாதித் தொகை முன்னால், மீதி முடிந்ததும் என்பது நியாயமான பேச்சு. பெரிய வேலையென்றால் மூன்று தவணை. என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் என்பதை ஒரு மெயிலிலாவது எழுதி, 'சரி' என்ற பதிலை வாங்கிவிடுங்கள். எழுத்தாளர்கள், ஓவியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்புரிமையை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும் என்கிறது நம் காப்புரிமைச் சட்டம். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால், அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும்.

பணம் இழுத்தடிக்கப்பட்டால்? மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் உங்களை குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது, ஆதார், பான் போதும். 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வேலை வாங்குபவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக! புகார் செய்ய அரசுத் தளமும் இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்திருப்பது முக்கியம். பிரச்னை வந்த பிறகு பதிவு செய்தால், பழைய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

கம்பெனி கொடுத்ததை இனி நாமே வாங்க வேண்டும்

மாதச் சம்பளத்தோடு நமக்குத் தெரியாமலே பல விஷயங்கள் வந்துகொண்டிருக்கும். பி.எஃப்-ல் நாம் போடும் பங்குக்கு இணையாக நிறுவனமும் போடுகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. 5 ஆண்டுகள் முடித்தவர்களுக்கு கிராஜுவிட்டி. பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டத்தில் இருப்பவர்கள், வேலையை விடும் தேதியை முடிவு செய்யும் முன் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப்போடவே கூடாது. அலுவலக குரூப் பாலிசி, பெரும்பாலும் வேலையை விட்டதுமே முடிந்துவிடும். புது பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால், வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துவிடுவது நல்லது. ஓய்வுக்காலத்துக்கு பி.பி.எஃப், என்.பி.எஸ் இரண்டும் சுயதொழில் செய்பவர்களுக்கும் உண்டு. பி.பி.எஃப்-ல் வருடத்துக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை போடலாம். வருமானம் கூடியும் குறைந்தும் வருபவர்களுக்கு இது வசதி.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருக்கிறதா? சுயதொழில் செய்பவர்களிடம் வங்கிகள் வழக்கமாக இரண்டு, மூன்று ஆண்டுகளின் வருமான வரி ரிட்டர்னைக் கேட்கும். சம்பள ஸ்லிப் இருக்கும்போது எளிதாகக் கிடைக்கும் கடன், வேலையை விட்ட அடுத்த மாதம் கிடைக்காது.

வரி... பயப்பட ஒன்றுமில்லை!

ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், பொதுவாக 10% டி.டி.எஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அது காணாமல்போன பணமில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும். பொறியியல், சட்டம், கணக்கியல், இன்டீரியர் டெகரேஷன், ஐ.டி போன்ற குறிப்பிட்ட சில துறையினர், வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறையும் உண்டு. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு தேவை. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

'வீட்டுலதானே இருக்கே...'

ஃப்ரீலான்ஸ் பெண்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சிலிண்டர் வாங்குவது, பேங்க் வேலை, மாமனாரை டாக்டரிடம் அழைத்துப்போவது, திடீர் விருந்தாளி எல்லாம் 'வீட்டில் இருப்பவர்' தலையில் விழும். காசாகும் 5 மணி நேரம் இரண்டாகக் குறைவது இப்படித்தான். 'காலை 10 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 4 வரை நான் ஆபீஸில் இருக்கிறேன்' என்று வீட்டில் முதல் நாளே பேசிவிடுங்கள். மேலே போட்ட கணக்குத் தாளை கணவரிடமோ, மாமியாரிடமோ காட்டினால், அந்த நேரத்தின் மதிப்பு அவர்களுக்கும் புரியும்.

உஷார்!

'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி' என்று சொல்லி, பதிவுக் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். 'தவறுகள் அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்டுங்கள்' என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டும் கும்பல்களும் உண்டு. பயந்து பணம் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

சரி, உங்களுக்கு செட் ஆகுமா?

இந்த ஐந்து கேள்விகளுக்கு மனதில் பதில் சொல்லுங்கள்.

1. இரண்டு மாதம் வருமானமே வராவிட்டால், வீடு சமாளிக்குமா?

2. தர வேண்டிய பணத்தை மூன்றாவது முறையும் கூச்சமில்லாமல் கேட்பீர்களா?

3. குறைந்த கூலிக்கு வரும் வேலையை 'முடியாது' என்று சொல்வீர்களா?

4. யாரும் கண்காணிக்காவிட்டாலும் சொன்ன தேதியில் வேலையை முடிப்பீர்களா?

5. நாள் முழுக்கத் தனியாக வேலை செய்வது உங்களுக்கு ஒத்துவருமா?

கடைசி இரண்டுக்கும் பழகிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால், பணம் சேரும்வரை காத்திருங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 'இல்லை' என்றால், உங்களுக்கு மாதச் சம்பளமே நிம்மதி. அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. கல்யாண வீட்டில் அருமையாகச் சமைக்கும் எல்லோரும் கான்ட்ராக்டர் ஆகிவிடுவதில்லை. சமையல் வேறு, காசு பேசி வாங்குவது வேறு.

ஐந்துக்கும் 'ஆமாம்' என்றாலும் நாளைக்கே ராஜினாமா வேண்டாம். வெளி வேலை செய்யக் கூடாது என்று உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். தடையில்லை என்றால், வார இறுதிகளில் ஒரு சின்ன வேலையை எடுங்கள். அட்வான்ஸ் கேட்டு, முடித்து, பில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை எத்தனை நாள் ஆனது, எத்தனை போன் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். மூன்று வாடிக்கையாளர்களிடம் அப்படி வாங்கிப் பார்த்தபின் ராஜினாமா பற்றி யோசிக்கலாம்.